மலையில் ஒரு கிலோமீட்டர் எவ்வளவு தூரம்?

இரண்டு ஊர்களின் பெயர்களைக் கைப்பேசியில் தட்டினால், இமைப்பொழுதில் மூன்று எண்கள் வந்து நிற்கின்றன. வான்வழித் தொலைவு இவ்வளவு, சாலைவழித் தொலைவு இவ்வளவு, பயண நேரம் இவ்வளவு. பயணத்துக்குப் புறப்படும் எவரும் அந்த எண்களை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். நானும் அப்படி ஏற்றுக்கொண்டவன்தான். ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊரொன்றில் நீண்ட காலம் புவியியல் ஆசிரியராக இருந்த என்னை அந்த எண்களைச் சந்தேகிக்க வைத்தவன், மலைக்கிராமத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவன்.

மேல்நிலை வகுப்பில் நிலவரைபடத்தைப் படிக்கும் செய்முறைப் பயிற்சி. ஜவ்வாது மலையின் நடுப்பகுதியைக் காட்டும் 57 எல்/14 என்னும் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தை மேசைமேல் விரித்திருந்தேன். அதில் 2 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 1 கிலோமீட்டர். அவரவர் ஊரிலிருந்து பள்ளிவரை அளவுகோலை வைத்துத் தொலைவைக் கணக்கிடச் சொன்னேன். அந்த மாணவனுக்குக் கிடைத்த விடை 12 கிலோமீட்டர். அவன் அதை ஏற்கவில்லை. "சார், இது தப்பு. எங்க ஊரு இவ்வளவு கிட்ட இருந்தா, நான் ஏன் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன்?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அளந்ததில் பிழையில்லை, கேட்டதிலும் பிழையில்லை. பிறகு நூலொன்றை எடுத்து, வரைபடத்தில் இருந்த சாலையின் வளைவுகள் மேல் படியவைத்து, அந்த நூலை அளவுகோலில் நீட்டிப் பார்த்தோம். 31 கிலோமீட்டர் வந்தது. "நடந்து வந்தால்?" என்று கேட்டேன். "ஒத்தையடிப் பாதையில அரை நாள் சார். மழை பேஞ்சா வர முடியாது" என்றான். ஒரே இரண்டு இடங்களுக்கு இடையே மூன்று தூரங்கள். எது உண்மையான தூரம் என்னும் கேள்விக்கு அன்று என்னால் முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை காலம் கடந்து நான் எழுதும் விடை.

வானத்தில் இழுத்த கோடு

வான்வழித் தொலைவு என்பது விமானம் பறந்த தூரம் அன்று. பூமியை ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு கோளமாகக் கருதி, இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் கொண்டு, கோளத்தின் மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். இடையில் இருப்பது மலையா, ஆறா, காடா என்பதைக் கணக்கு கேட்பதில்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்கு அந்தக் கோடு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். சாலைவழியே சென்றால் சுமார் 350 கிலோமீட்டர். இருப்புப்பாதையில் 362 கிலோமீட்டர். அதாவது நேர்கோட்டைப் போல் 1.2 மடங்குக்குச் சற்று அதிகம். சமவெளியில் நல்ல சாலைகள் உள்ள நாடுகளில் இந்த விகிதம் பொதுவாக 1.2 முதல் 1.4 வரை இருக்கும். ஆகவே சமவெளியில் வாழ்பவர் வான்வழித் தொலைவைக் கேட்டு, அதோடு கால் பங்கைக் கூட்டிக்கொண்டால் பெரிதாகத் தவறிவிட மாட்டார்.

இந்த நேர்கோட்டை அளக்கும் கலை நம் மண்ணோடு நெருங்கிய தொடர்புடையது. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. அதன் பிறகு அவர் தரையில் நடந்து தொலைவை அளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடுத்த குன்றின் உச்சியை நோக்கிக் கோணங்களை அளந்து, முக்கோணம் முக்கோணமாக மேற்கே பெங்களூரைக் கடந்து மங்களூர்வரை கணக்கிட்டே சென்றார். அளப்பவருக்கு மலை நண்பன். உச்சியில் ஏறி நின்றால் தொலைதூரம் தெரியும். அதே மலை நடப்பவருக்குத் தடை. நம் வரைபடங்கள் உச்சியிலிருந்து பார்த்தவர்களால் வரையப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது.

விமானப் பயணத்திலும் எண்கள் ஏமாற்றவே செய்கின்றன. சென்னை - பெங்களூரு விமானப் பயணம் ஒரு மணி நேரம் என்கிறது பயணச்சீட்டு. ஆனால், மீனம்பாக்கம் செல்லும் நேரம், பாதுகாப்புச் சோதனைக்காக முன்கூட்டியே சென்று காத்திருக்கும் நேரம், பெங்களூரு நகரின் நடுவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் நுழையும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. 2022 நவம்பர் 11 அன்று தொடங்கப்பட்ட வந்தே பாரத் ரயில் அதே இரு நகரங்களை ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் இணைக்கிறது. ஸ்ரீபெரும்புதூரையும் ஹொஸ்கோட்டையையும் இணைக்கும் 262 கிலோமீட்டர் விரைவுச் சாலைக்கு 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டபோது, பயண நேரம் இரண்டு முதல் மூன்று மணி நேரம் குறையும் என்பதே அதன் முதன்மைப் பயனாகச் சொல்லப்பட்டது. பெருநகரங்களைப் பொறுத்தவரை அரசு தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நேரத்தைப் பற்றியே பேசுகிறது. அது சரியான அளவுகோலும்கூட. அந்த அளவுகோல் மலைக்கு வருவதில்லை என்பதுதான் என் குறை.

மலை என்னும் கணக்கு

அந்த விமானத்தில் தெற்குப் பக்கச் சன்னலோரம் அமர்ந்தவருக்கு, வானம் தெளிவாக இருந்தால், பாலாற்றுச் சமவெளிக்கு அப்பால் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு மலைத்தொடர் தென்படக்கூடும். அதுதான் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. சிகரங்கள் சராசரியாக 1,100 மீட்டர் உயரம் கொண்டவை. பாலாற்றின் துணையாறுகளான செய்யாறும் அகரம் ஆறும் இம்மலையைக் கிழக்கு, மேற்கு எனப் பிரிக்கின்றன. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு தொடர்புபடுத்த வேண்டியதில்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். சாமையும் தேனும் புளியும் பலாவும் மலையிலிருந்து இறங்கிச் சந்தைக்கு வருகின்றன.

இம்மலையில் உலகம் அறிந்த ஒரு தொலைவு அளக்கும் இடமும் உண்டு. காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் அது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் இங்கு ஆய்வு தொடங்கியது. 1986 ஜனவரி 6 அன்று 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். நகர விளக்குகளின் ஒளி எட்டாத தொலைவு, காடு சூழ்ந்த உயரம், வட வானத்தையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் காண உதவும் அட்சரேகை ஆகியவற்றைக் கருதியே இந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வானியலாளர்களுக்குத் தேவைப்பட்டதே தூரம்தான்.

காவலூரிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தொலைவு சுமார் 166 கிலோமீட்டர்; பெங்களூருக்கு சுமார் 141 கிலோமீட்டர். சாலைவழியே சென்னை 200 கிலோமீட்டரைத் தாண்டும். பெங்களூரு ஏறத்தாழ 175 கிலோமீட்டர். பெங்களூருக்கான விகிதம் 1.24. மலைக்குப் போகும் வழியும் சமவெளிக்கு உரிய விகிதத்திலேயே இருக்கிறதே என்று தோன்றும். அங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. அந்த வழியில் பெரும்பகுதி சமவெளி. மலை கடைசியில் சில கிலோமீட்டர் மட்டுமே. அந்தக் கடைசிப் பகுதியைத் தனியே எடுத்துப் பார்த்தால்தான் மலையின் கணக்கு விளங்கும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. அடிவாரத்து ஊருக்கும் மலைமேல் இருக்கும் குக்கிராமத்துக்கும் இடையே கிடைமட்டத் தொலைவு 3 கிலோமீட்டர், உயர வேறுபாடு 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பித்தாகரஸ் தேற்றத்தின்படி சரிவின் நீளம் 3.06 கிலோமீட்டர். 600 மீட்டர் உயரம் தொலைவோடு கூட்டியது வெறும் 60 மீட்டர்தான். இதனால்தான் கைப்பேசிக் கணக்கு உயரத்தைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால், வண்டி அந்தச் சரிவில் நேராக ஏறாது. 3 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறுவது என்றால் நூற்றுக்கு இருபது என்னும் ஏற்றம். செங்குத்தான மலைப்பகுதிகளில் சாலையின் ஏற்றம் நூற்றுக்கு ஆறுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த பொதுநெறி. தவிர்க்க முடியாத இடங்களில் ஏழு, மிக அரிதாக எட்டு. நூற்றுக்கு ஆறு வீதம் 600 மீட்டர் ஏற 10 கிலோமீட்டர் சாலை வேண்டும். 3 கிலோமீட்டர் இடத்துக்குள் 10 கிலோமீட்டர் சாலையை மடித்து வைக்க வேண்டியிருப்பதால்தான் கொண்டை ஊசி வளைவுகள் பிறக்கின்றன. அந்த வளைவுகள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கென வடிவமைக்கப்படுகின்றன. சாலை வளைந்து செல்வது பொறியாளரின் விருப்பத்தால் அன்று. ஏற்றம் விதிக்கும் கட்டாயத்தால்.

இனி நடைக்கு வருவோம். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதியைச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் எடுத்துக்காட்டில் மூன்று கிலோமீட்டர் நடக்க 37 நிமிடம், 600 மீட்டர் ஏற ஒரு மணி நேரம்; ஆக 97 நிமிடம். இது உடல்நலமுள்ள ஒருவர் நல்ல பாதையில் கையை வீசி நடக்கும் கணக்கு. சாமை மூட்டையோடு நடப்பவருக்கும் நிறைசூலிக்கும் இது பொருந்தாது. வண்டியோ மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் 10 கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் கடந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாலை வந்ததால் தூரம் குறையவில்லை. 3 கிலோமீட்டர் 10 கிலோமீட்டராகக் கூடிவிட்டது. குறைந்தது நேரம். மலையில் தூரமும் நேரமும் எதிரெதிர்த் திசையில் செல்லக்கூடும். ஆகவே "அந்தக் கிராமம் அடிவாரத்திலிருந்து மூன்றே கிலோமீட்டர்தான்" என்று ஒரு கோப்பில் எழுதப்பட்டால், எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால், உண்மையையும் சொல்லவில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகையில் நடக்கும் தூரத்தை 'நாழிகை வழி' என்றார்கள். ஏழு நாழிகை வழி ஒரு காதம். தூரத்துக்கான அலகு நேரத்திலிருந்தே பிறந்தது. 'கூப்பிடு தூரம்' என்னும் வழக்கும் நம்மிடம் உண்டு. ஜவ்வாது மலையில் ஒரு சரிவில் நின்று குரல் கொடுத்தால் எதிர்ச்சரிவில் இருப்பவர் மறுகுரல் கொடுப்பார். குரல் போகும் நேரம் சில நொடிகள். ஆள் போய்ச் சேர, பள்ளத்தாக்கில் இறங்கி ஓடையைக் கடந்து மறுபடியும் ஏற வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருந்தும் உதவிக்கு வர முடியாத நிலைக்குப் பெயர்தான் மலை.

நேரம் உயிரான போது

2023 மே மாத இறுதியில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையிலுள்ள அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறக்கி மருத்துவமனை சேர்ப்பதற்குள் குழந்தை உயிரிழந்தது. உடற்கூறாய்வுக்குப் பிறகு உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் மேற்கொண்டு செல்ல வழியின்றிப் பாதியில் நின்றது. குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி, தாய் பல கிலோமீட்டர் நடந்தே மலையேறினார். அந்தப் படத்தைத் தமிழ்நாடு மறந்திருக்காது. வரைபடத்தில் அல்லேரி மலை, வேலூர் மாநகரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை.

பாம்புக்கடியில் தீர்மானிப்பது தூரம் அன்று, நேரம். 2017-இல் உலக சுகாதார அமைப்பு பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கான நஞ்சுமுறி மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சுதான் அம்மருந்துக்கு முதன்மையான மூலப்பொருள். ஒரு பழங்குடியின் திறமையால் உருவாகும் மருந்து இன்னொரு பழங்குடியின் குழந்தைக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை. மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், இல்லாமற்போனது இடையில் இருந்த நேரம்.

சாலை இருந்தும் பேருந்து இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கும் இம்மலையில் சான்று உண்டு. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், மலைக்கோயிலுக்குச் சரக்கு வேனில் சென்றவர்கள் பள்ளத்தில் கவிழ்ந்தனர். 11 பேர் உயிரிழந்தனர். மலைச்சாலையில் மனிதர்கள் சரக்கு வண்டியில் ஏறுவது அறியாமையால் அன்று. வேறு வண்டி வராததால். கைப்பேசி காட்டும் பயண நேரத்தில், நாளைக்கு ஓரிரு முறை வரும் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் சேர்வதில்லை.

இந்தத் தூரத்தைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில், ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் 23 வயதுப் பழங்குடிப் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றிபெற்றபோது முதலமைச்சர் உட்படப் பலரும் வாழ்த்தினர். தேர்வுக்கு ஓரிரு நாள் முன்புதான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னையில் தேர்வெழுதினார். அவரது மனவுறுதியைப் போற்றுவோம். ஆனால், வெற்றிக்கு இத்தகைய உறுதி கட்டாயம் என்னும் நிலையைப் போற்ற வேண்டியதில்லை. சமவெளிப் பிள்ளைகளிடம் நாம் கேட்பது படிப்பை மட்டும். மலைப் பிள்ளைகளிடம் படிப்போடு தூரத்தையும் கேட்கிறோம்.

விதிகள் எதை அளக்கின்றன?

2000 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளுக்குச் சாலை தருவதை இலக்காக வைத்தது. மலை மாநிலங்கள், பாலைவனப் பகுதிகள், அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் போன்றவற்றுக்கு அந்த எண்ணிக்கை 250 எனத் தளர்த்தப்பட்டது. நல்ல தளர்வுதான். ஆனால், தமிழ்நாடு மலை மாநிலம் அன்று. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியும் கிடையாது. மலை என்பது கால்களுக்குத் தெரிந்தாலும் பட்டியலுக்குத் தெரிய வேண்டுமே!

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேறொரு கதவைத் திறக்கிறது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, கிராம சபையின் பரிந்துரையோடு, வன நிலத்தைப் பயன்படுத்த அதன் 3(2) பிரிவு இடமளிக்கிறது. நிபந்தனை, ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஓரங்களையும் சேர்த்து 6 மீட்டர் அகலம் எனக் கொண்டால், ஒரு ஹெக்டேரில் 1,667 மீட்டர் சாலைதான் அடங்கும். நம் எடுத்துக்காட்டில் வந்த 10 கிலோமீட்டர் சாலைக்கு 6 ஹெக்டேர் வேண்டும். நேர்கோட்டில் 3 கிலோமீட்டர் என்று நினைத்து வகுக்கும் விதிக்கும், ஏற்றம் கேட்கும் 10 கிலோமீட்டருக்கும் உள்ள இடைவெளியில்தான் மலைச்சாலைக் கோப்புகள் சிக்கிக்கொள்கின்றன.

இதற்காகக் காட்டுச் சட்டங்களைத் தளர்த்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாலை வந்தால் மருத்துவர் மட்டும் வருவதில்லை. மரக் கடத்துபவரும், மலையைக் கூறுபோட்டு விடுதி கட்டுபவரும் அதே சாலையில்தான் வருவர். சரியாக வடிகால் அமைக்காமல் சரிவை வெட்டினால் அடுத்த மழையில் மண் சரிந்து சாலையே காணாமற்போகும். இந்த அச்சங்கள் நியாயமானவை. ஆகவேதான் தூரத்தைக் குறைக்கச் சாலை ஒன்றே வழி என்று எண்ணாமல், நேரத்தைக் குறைக்கும் எல்லா வழிகளையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் இதற்கு முன்மாதிரி. ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் பள்ளி வேண்டும் என்று கூறும் அவ்விதிகள், கடினமான நிலப்பகுதி, நிலச்சரிவு, சாலையின்மை போன்றவை இருந்தால் அந்த வரம்பைக் குறைக்க வேண்டும் என்கின்றன. மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது சமவெளியின் ஒரு கிலோமீட்டர் அன்று என்பதை ஒரு விதியாவது எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அலுவலகத்தை நகர்த்துவதும் ஒரு வழி. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தலைநகரானது. 2019 நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் தனி மாவட்டமானது. அதுவரை புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றின் மக்கள் மாவட்ட ஆட்சியரைப் பார்க்க மலையிறங்கித் திருப்பத்தூருக்கு வந்து, அங்கிருந்து வேலூருக்குச் சென்றனர். ஓர் அரசாணை அந்த இரண்டாவது பயணத்தை நீக்கியது. ஜல்லியும் தாரும் இல்லாமலே தூரம் குறைந்தது.

வானத்தையும் மறக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மணிப்பூரில் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கு ட்ரோன் மூலம் கரோனா தடுப்பூசி அனுப்பியது. வான்வழி 15 கிலோமீட்டர். சாலைவழி 26 கிலோமீட்டர். ட்ரோன் எடுத்துக்கொண்ட நேரம் 12 முதல் 15 நிமிடம். ஆப்பிரிக்காவின் ருவாண்டா 2016 முதல் குன்றுகளுக்கு மேலாக ரத்தப் பைகளை இப்படித்தான் அனுப்பிவருகிறது. கணக்கில் மட்டும் இருந்த வான்வழித் தொலைவு மனிதருக்குப் பயன்படும் தொலைவாக மாறும் இடம் இது. மனிதரை ட்ரோன் சுமக்காது. ஆனால், மருந்தைச் சுமக்கும். உறைநிலையில் உலர்த்தித் தூளாக்கிய நஞ்சுமுறி மருந்துக்குக் குளிர்பதனப் பெட்டிகூடக் கட்டாயம் இல்லை. ஆனால், அதை உடலில் செலுத்தவும், ஒவ்வாமை ஏற்பட்டால் சமாளிக்கவும் பயிற்சி பெற்றவர் அருகில் இருக்க வேண்டும். எனவே மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தும் செவிலியரும் இரவிலும் இருப்பதே, குழந்தையைக் கீழே இறக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும் நேரான வழி.

நான் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். மலைக்கிராமங்களைப் பற்றிய அரசுப் பதிவேடுகளில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் நிமிடத்தையும் எழுதுங்கள். வண்டி வரும் இடத்தை அடைய எத்தனை நிமிடம்? நஞ்சுமுறி மருந்து உள்ள இடத்தை அடைய எத்தனை நிமிடம்? பிரசவம் பார்க்கும் மருத்துவமனையையும் நடுநிலைப் பள்ளியையும் அடைய எத்தனை நிமிடம்? இவற்றைக் கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு முறையும், நோயாளியை டோலியில் சுமந்து இறங்கும் வேகத்தில் அளக்க வேண்டும். அளப்பவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களாகவே இருக்கட்டும். கிராம சபை அந்த எண்களை ஏற்று அறிவிக்கட்டும். சாலை எங்கே முதலில் வேண்டும், எங்கே பேருந்து போதும், எங்கே செவிலியரை அமர்த்தினால் போதும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. ஒரு கைக்கடிகாரமும் நடக்க மனமும் போதும்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் கண்டறிய உதவிய நோக்கீடுகளில் காவலூரிலிருந்து செய்யப்பட்டதும் ஒன்று. 260 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அந்த ஒளி ஜவ்வாது மலைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகிறது. அதே மலைத்தொடரில் சாலையில்லாத ஊரிலிருந்து நோயாளியைத் தோளில் சுமந்து இறங்குவோருக்கு அந்த நேரம் போதாமல் போவதுண்டு. அவ்வளவு தொலைவை அளக்கத் தெரிந்த நமக்கு இந்தத் தொலைவை அளப்பது முடியாத காரியம் அன்று.

அன்று என் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். தம்பி, அளவுகோல் காட்டிய 12 கிலோமீட்டரும் சரி, நூல் காட்டிய 31 கிலோமீட்டரும் சரி. ஆனால், உன் ஊரின் தூரம் நீ சொன்ன அரை நாள்தான். அதை வரைபடத்தில் எழுதாமல் விட்டது எங்கள் பிழை.